ஏரிக்கரையும் மைதானமும் யாருக்கு?

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நம் விருப்பத்துக்கு. மே தினக் கொடியைத் தூக்கிய ஒவ்வொரு தொழிலாளிக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். வேலை செய்வதற்கு முதலாளி இடம் வைத்திருக்கிறான். அதில் அவன் குறை வைப்பதில்லை. உறங்குவதற்கு அம்பத்தூரிலோ திருமுல்லைவாயிலிலோ பத்துக்குப் பத்து அறை ஒன்று. அதில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் நாலு பேர். சரி, மூன்றாவது எட்டு மணி நேரத்தை எங்கே கொண்டுபோய்க் கழிப்பது? டீக்கடை பெஞ்சிலா, டாஸ்மாக் வாசலிலா?

இது விளையாட்டாகக் கேட்கிற கேள்வியல்ல. 2023 ஏப்ரல் 21ந் தேதியை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேலை நாளைப் பன்னிரண்டு மணி நேரமாக நீட்டுவதற்கு வழி திறந்துவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தை அன்றுதான் தமிழ்நாடு சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன; தொழிற்சங்கங்கள் ஒரே குரலில் எழுந்தன; மூன்று நாளில் சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது; மே 1ந் தேதி வாபஸ் என்று முதலமைச்சரே அறிவித்தார். அது தொழிலாளி வர்க்கம் பெற்ற வெற்றி.

ஆனால் அதே நாளில், அதே சபையில், விவாதமே இல்லாமல் இன்னொரு மசோதாவும் நிறைவேறியது. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். நூறு ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம் ஒன்றின் எல்லைக்குள் ஏரியோ, ஓடையோ, வாய்க்காலோ அகப்பட்டுக் கொண்டால், அந்தச் சர்க்கார் நிலத்தையும் திட்டத்தோடு சேர்த்து ஒருங்கிணைக்க அது வகை செய்கிறது. நூறு ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 247 ஏக்கர். அவ்வளவு நிலம் வைத்துத் திட்டம் போடுகிறவன் யார் என்று விவசாயத் தொழிலாளிக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தச் சட்டம் வாபஸ் ஆகவில்லை. 2024ல் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

ஒரே நாளில் நமது நேரத்தின் மீதும் கை வைத்தார்கள், நமது நிலத்தின் மீதும் கை வைத்தார்கள். நேரத்தை மீட்டோம். நிலத்தை?

'நமது நிலம்' என்று சொல்வதைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். பட்டா இல்லாதவனுக்கு ஏது நிலம் என்பார்கள். பட்டா இல்லாத நிலம்தான் நமது நிலம்! ரெவின்யூ கணக்கில் அதற்குப் புறம்போக்கு என்று பெயர். தீர்வை கட்டும் நிலத்துக்குப் புறம்பானது, எல்லோருக்கும் பொதுவானது. ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால், மந்தைவெளி, களம், வண்டிப்பாதை, இடுகாடு என்று ஊருக்கு ஊர் சர்வே நம்பர் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆடு மாடு மேய்வதும், நெல் அடிப்பதும், பையன்கள் சடுகுடு ஆடுவதும், கூத்து நடப்பதும் அங்கேதான். இன்றைக்குப் 'புறம்போக்கு' என்பது ஒருவனை ஏசும் வார்த்தையாகிவிட்டது. பொதுச் சொத்தின் பெயரையே வசைச் சொல்லாக்கிய சமுதாயத்தில், அந்தச் சொத்து என்ன கதியாகும் என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம்.

முகப்பேருக்குப் போய்ப் பாருங்கள். அங்கே 'ஏரி ஸ்கீம்' என்று ஒரு விலாசம் இருக்கிறது. தபால்காரருக்குத் தெரியும், ஆட்டோக்காரருக்குத் தெரியும். ஏரி எங்கே என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியாது. ஏரியைத் தூர்த்து மனை போட்டுவிட்டுப் பெயரை மட்டும் நினைவுச் சின்னம் போல் விட்டு வைத்திருக்கிறார்கள். செய்தது தனியார் கொள்ளைக்காரனல்ல, சர்க்காரின் வீட்டு வசதி வாரியமே. கொரட்டூர் ஏரி மிச்சமிருக்கிறது. ஆனால் அதற்குள் சாக்கடையும் ஆலைக் கழிவும் வராமல் தடுக்க அந்தப் பகுதி மக்கள் வருஷக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அம்பத்தூர் ஏரியின் கதையும் ஏறக்குறைய இதுவே.

1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அதற்கு முன்பே சைக்கிள் ஆலை வந்தது, டயர் ஆலை வந்தது. ஆவடியில் 1960களில் டாங்கித் தொழிற்சாலை எழுந்தது. 1965ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. வயலும் ஏரியும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த பூமியில் ஆலைகள் எழுந்ததை நாம் குறை சொல்லவில்லை. ஆலை வேண்டும். வேலை வேண்டும். ஆலைக்கு நிலம் அளந்து கொடுத்தவர்கள், அந்த ஆலையில் உழைக்கிறவனின் பிள்ளை பந்து உதைப்பதற்கு எத்தனை ஏக்கர் அளந்தார்கள் என்பதே நமது கேள்வி. ஆவடி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை இங்கேதான் கூடி 'சோஷலிச பாணி சமுதாயம்' அமைக்கப் போவதாகத் தீர்மானம் போட்டது. எழுபது வருஷமாகிறது. பாணி மட்டுமே மிஞ்சியது.

சட்டத்தில் இடமில்லையா என்றால், இருக்கிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவு போடுகிறவன், சாலை நீக்கி மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்த வெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தான பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் விதிக்குள்ளேயே ஓட்டை ஒன்றும் வைத்திருக்கிறார்கள். 10,000 சதுர மீட்டர் வரை உள்ள மனைப் பிரிவுக்காரன் நிலத்துக்குப் பதில் பணம் கட்டிவிட்டுப் போகலாம். பணம் கஜானாவுக்குப் போகிறது. பையன்கள் கஜானாவில் போய் கிரிக்கெட் ஆட முடியுமா? எழுதிக் கொடுத்த நிலத்தின் சங்கதி வேறு. ஆவடி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி, அம்பத்தூர் மண்டலம் என்று மூன்றிலும், எந்தெந்த மனைப் பிரிவிலிருந்து எவ்வளவு திறந்த வெளி எழுதி வாங்கப்பட்டது, அது இன்று யார் கையில், அதன் மீது என்ன நிற்கிறது என்று வார்டு வாரியாகப் பட்டியல் எழுதி ஆபீஸ் வாசலில் ஒட்டட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். ஒரு குமாஸ்தாவும் கொஞ்சம் பசையும் போதும்.

இருக்கிற மைதானத்தையும் காசாக்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் இதைவிடப் பெரிய ஆபத்து. 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஒன்பது கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் ஒப்படைப்பது, ஆடுகிறவன் ஒருவனுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிப்பது என்று. வியாசர்பாடியின் கால்பந்தை அறியாதவர் யார்? மூட்டை தூக்கும் தகப்பனின் மகன் வெறுங்காலோடு ஆடிப் பழகி மாநில அணிக்குப் போகிற பேட்டை அது. அங்கே போய் மணிக்கு 120 ரூபாய்! இரண்டு பக்கமும் பதினொருவர் ஆடினால் ஒரு மணி நேரத்துக்கு 2,640 ரூபாய். எதிர்ப்புக் கிளம்பியது; இடதுசாரிக் கவுன்சிலர்கள் குரல் கொடுத்தார்கள்; சில நாளிலேயே தீர்மானத்தை விட்டுவிட்டு, மாநகராட்சியே பராமரிக்கும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எதிர்த்தால் பின்வாங்குகிறார்கள். எதிர்க்காவிட்டால்?

எதிர்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கதீட்ரல் ரோட்டுப் பூங்கா சாட்சி. அந்தச் சர்க்கார் நிலத்தை நீண்ட வழக்குக்குப் பின் தனியாரிடமிருந்து மீட்டார்கள். மீட்டதைப் பாராட்டினோம், இன்றும் பாராட்டுகிறோம். 2024 அக்டோபரில் பூங்காவாகத் திறந்தார்கள். உள்ளே காலடி வைக்கப் பெரியவருக்கு 100 ரூபாய், குழந்தைக்கு 50 ரூபாய் என்று பலகை எழுதினார்கள். புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள் போனால் 300 ரூபாய். அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலியே 319 ரூபாய். அதாவது, வெயிலில் ஒரு நாள் மண் வெட்டினால் ஒரு மாலை மர நிழலில் உட்காரலாம். பஸ் சார்ஜ் தனி.

இனிக் கிண்டியைப் பாருங்கள். சுமார் 160 ஏக்கர் சர்க்கார் நிலத்தைக் குதிரைப் பந்தயச் சங்கத்தார் 1946லிருந்து 99 வருஷக் குத்தகைக்கு வைத்திருந்தார்கள். குத்தகைப் பணம் வருஷத்துக்கு 614 ரூபாய் சொச்சம். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை. ஒரு போகம் பொய்த்தாலும் வாரத்தை விடாமல் அளந்து கொடுத்த குத்தகை விவசாயி இந்தக் கணக்கைக் கேட்டால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? குதிரை ஓடியது போக மிச்ச இடத்தில் கனவான்கள் கோல்ப் ஆடினார்கள். 2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையில் எடுத்தது. பாக்கி மட்டும் 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்குக் காட்டியது. பிறகு 118 ஏக்கரைத் தோட்டக்கலைத் துறைக்குக் கொடுத்துப் பசுமைப் பூங்கா அமைப்பதென்று முடிவெடுத்தது. இந்த முடிவை முழு மனதோடு ஆதரிக்கிறோம். கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறோம். அந்தப் பூங்காவின் வாசலில் டிக்கெட் ஜன்னல் இருக்கக் கூடாது. 614 ரூபாய்க்கு வருஷம் முழுவதும் 160 ஏக்கரை அனுபவிக்கச் சீமான்களை விட்டவர்கள், தொழிலாளி வரும்போது மட்டும் கைநீட்டுவது என்ன நியாயம்?

மோட்டார் பந்தயமும் இதே கதைதான். நமது பத்திரிகையில் மோட்டார் பந்தயமா என்று சிலர் புருவம் உயர்த்தலாம். உயர்த்தட்டும். செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில், இரண்டாவது உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் ஒன்று. போர் முடிந்தபின் பல பத்தாண்டுகள் அங்கே கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. பந்தயம் ஓட்டியவர்கள் ஆலை அதிபர் வீட்டுப் பிள்ளைகள். பனை மரமும் கட்டுச் சோறுமாக வெயிலில் நின்று பார்த்தவர்கள் சுற்று வட்டாரத்து ஜனங்களும் பட்டறை மெக்கானிக்குகளும். பிறகு சங்கத்தார் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்த ஓடுதளம் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். 2024 ஆகஸ்டு 31லும் மறுநாளும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள பொதுச் சாலையிலேயே கார்ப் பந்தயம் நடந்தது. அதற்குச் சர்க்கார் ஒதுக்கிய பணம் 40 கோடி ரூபாய்க்கு மேல்.

ஆக, வேகமாக வண்டி ஓட்டுவது குற்றமல்ல. எவன் ஓட்டுகிறான் என்பதைப் பொறுத்தது. எஸ்டேட்டில் லேத் ஓட்டும் இருபது வயதுப் பையன், ஓவர்டைம் பணத்தில் தவணைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிளை மதுரவாயல் பைபாஸில் விரட்டினால் வண்டி போலீஸ் ஸ்டேஷனில். பையன் சில சமயம் ஆஸ்பத்திரியில், சில சமயம் அதற்கும் அப்பால். நாம் அந்தப் பந்தயத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. நடந்து போகிற கிழவியும் சைக்கிளில் வருகிற தொழிலாளியும் அதில் அடிபட்டுச் சாகிறார்கள். அது நிற்க வேண்டும். ஆனால் தடியால் மட்டும் அது நிற்காது. அவனுக்கும் ஒரு மண் ஓடுதளம் கொடு. தண்ணீர் நிற்காத, பயிர் விளையாத, யாரும் குடியிராத சர்க்கார் நிலம் ஒன்றை மேற்குப் புறநகரில் தேர்ந்தெடு, வேலி போடு, தலைக்கவசமும் முதலுதவியும் வை, ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவிடு. 40 கோடியில் ஒரு சிறு பங்கு போதாதா? ஒன்று மட்டும் திட்டவட்டமாகச் சொல்கிறோம். வற்றிய ஏரி ஓடுதளமல்ல. செம்பரம்பாக்கம், புழல், போரூர் ஏரிகளிலும் அவற்றின் வரத்துக் கால்வாய்களிலும் எந்த மோட்டாரும் நுழையக் கூடாது. அது குடிதண்ணீர். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட ராத்திரியில், வழி மறிக்கப்பட்ட தண்ணீர் என்ன செய்யும் என்பதைச் சென்னை கண்டது.

பொது நிலத்தில் ஏழை காலடி வைப்பது எங்கேயும் சும்மா கிடைத்ததில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் என்ற ஊர். அந்த ஊர் ஆலைத் துணி நமது நெசவாளியின் தறியை உடைத்தது உண்மை. அந்த ஆலையில் நெய்தவனும் நம்மைப் போல் புகையில் வெந்தவன் என்பதும் உண்மை. ஊருக்குப் பக்கத்தில் கிண்டர் ஸ்கௌட் என்ற மலை. டியூக் பிரபுவுக்குச் சொந்தம். வருஷத்தில் சில நாட்கள் பிரபுக்கள் பறவை சுடுவதற்காக, மீதி நாளெல்லாம் காவல்காரன் தடியோடு நின்றான். 1932 ஏப்ரல் 24ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பென்னி ராத்மன் என்ற இருபது வயது மெக்கானிக், இளம் கம்யூனிஸ்டு, சில நூறு தொழிலாளர்களைத் திரட்டிக்கொண்டு அந்த மலை மீது ஏறினார். காவல்காரர்களோடு கைகலப்பு. கைது. இளைஞர்கள் ஐந்து பேருக்கு இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம். மலை ஏறியதற்கு! ஆனால் அந்தத் தண்டனையே நாடெங்கும் நெருப்பை மூட்டியது. 1949ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 2000ல் மலைகளிலும் புல்வெளிகளிலும் நடந்து செல்லும் உரிமையே சட்டமானது. 2002ல், எழுபதாம் ஆண்டு விழாவில், பழைய பிரபுவின் பேரன் வந்து, தன் பாட்டனார் செய்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். எழுபது வருஷம் கழித்து என்றாலும் கேட்டார்.

நம் நாட்டில் வேலி இரண்டு வகை. ஒன்று கம்பி வேலி, மற்றொன்று சாதி வேலி. மதுரை ஜில்லா உத்தப்புரத்தில் தலித் மக்களுக்குப் பொதுப் பாதையை மறித்து எழுப்பிய சுவர் 2008 மே 6ந் தேதி வரை நின்றது. இடதுசாரிகளின் போராட்டம்தான் அதில் வழி உடைத்தது. பொதுக் களம், பொதுக் குளம் என்று கணக்கில் எழுதியிருந்தாலும், சேரிப் பையன் அங்கே மட்டையோடு போனால் என்ன நடக்கும் என்று விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். ஆகவே மைதானம் வேண்டும் என்று நாம் கேட்கும்போது, ஊருக்கும் சேரிக்கும் நடுவே, இருவருக்கும் பொதுவாக வேண்டும் என்றே கேட்கிறோம்.

கம்பி வேலி விஷயத்தில் ஆவடியைப் பற்றி ஒரு வார்த்தை. ராணுவத் தொழிற்சாலைக்கு வேலி தேவை. அதை மறுப்பவன் பைத்தியக்காரன். ஆனால் ராணுவப் பகுதியிலும் பொதுச் சாலையை நினைத்தபடி மூட முடியாது என்பதற்குச் சட்டமே இருக்கிறது. கண்டோன்மெண்டுச் சட்டம் 2006ன் 258வது பிரிவு, மூடுவதற்கு முன் பொது ஜனங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கச் சொல்கிறது. அப்படிச் செய்யாமல் மூடியதைக் கண்டுதான் 2018 மே மாதம் நாட்டின் 62 கண்டோன்மெண்டுகளிலும் சாலைகளைத் திறக்கும்படி ராணுவ அமைச்சகமே உத்தரவிட்டது. ஆவடி கண்டோன்மெண்டு அல்ல, நியாயம் ஒன்றே. 2021 அக்டோபரில் தொழிலாளர்களின் எதிர்ப்பை மீறி ராணுவத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாக்கினார்கள். டாங்கித் தொழிற்சாலையும் ஒரு கம்பெனியின் கீழ் போயிற்று. நாட்டுப் பாதுகாப்புக்காக மக்கள் விட்டுக்கொடுத்த நிலம் அது. நாளைக்குக் கம்பெனிக் கணக்கில் 'உபரி நிலம்' என்று ஒரு பத்தி எழுதி ஏலத்துக்கு வருமா? தொழிற்சங்கங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க வேண்டும். உபரி என்றால் முதல் உரிமை ஊர் மக்களுக்கு.

இப்போது நம்மவர்களே சிலர் கேட்கும் கேள்விக்கு வருவோம். 'தோழரே, ஏரியை மீட்க வேண்டும், புறம்போக்கைக் காக்க வேண்டும் என்று நாம் பேசினால், அதையே பிடித்துக்கொண்டு குடிசையைப் பிரிக்க வந்துவிடுவார்களே?' நியாயமான பயம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரை, கூவம் கரைக் குடிசைகளைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டியதை நாம் பார்த்தோம். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம். அதே ஆற்றங்கரையில் மாடி மாடியாக எழும்பிய கட்டிடங்கள் அசையவில்லை. எனவே நமது நிலை தெளிவாக இருக்கட்டும். வேறு போக்கிடமில்லாமல் புறம்போக்கில் குடிசை போட்டவன் நிலத்தைத் திருடியவனல்ல. வீட்டு மனை தர வேண்டிய சர்க்கார் தரத் தவறியதன் அடையாளம் அவன். தண்ணீர் வழியில் இருப்பவனுக்கு அதே வட்டாரத்தில் மாற்று மனை கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். ஏரிக்குள் கல்லூரியும் கிடங்கும் கலியாண மண்டபமும் கட்டியவனிடமிருந்து தொடங்கு. குடிசைக்குக் கடைசியில் வா. வரிசையை மாற்றினால் நாம் குறுக்கே நிற்போம்.

இன்னொரு வாதம் அதிகாரிகளிடமிருந்து வருகிறது. திறந்து விட்டால் குடிகாரர்கள் வருவார்கள், பாட்டில் உடைப்பார்கள், அசுத்தம் செய்வார்கள், ஆகவே பூட்டு. பாட்டிலை விற்பது யார்? அதே சர்க்கார்தானே! பூட்டிய மைதானத்தில்தான் குடிகாரன் சுவரேறிக் குதிக்கிறான். நாலு விளக்கும் ஒரு காவலாளியும் கக்கூசும் தண்ணீர்க் குழாயும் உள்ள இடத்தில் பெண்களும் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தால் அவன் தானே விலகுகிறான். பெண்கள் என்றதும் சொல்லத் தோன்றுகிறது: இவ்வளவு நேரம் பந்தையும் மட்டையையும் மோட்டாரையும் பற்றியே எழுதிவிட்டோம். தொழிற்பேட்டையின் தையல் ஆலைகளில் நாள் முழுதும் மிஷினில் குனிந்திருக்கும் ஆயிரமாயிரம் பெண்களுக்கு, முதுகை நிமிர்த்தி நடக்க ஓர் ஏரிக்கரை வேண்டாமா? ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் 2019ல் பூங்காவும் நடைபாதையும் படகுத் துறையும் அமைத்தார்கள். செய்ய முடியும் என்பதற்கு அதுவே ருசு. அயப்பாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் கொரட்டூருக்கும் அதே போல் விளக்குப் போட்ட கரை வேண்டும். படகுக்குக் காசு வாங்கிக்கொள்ளட்டும், கரையில் நடக்கக் காசு கூடாது.

1923 மே 1ந் தேதி சிங்காரவேலர் இந்த நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது எந்த மண்டபத்திலும் அல்ல. ஐகோர்ட்டுக்கு எதிரேயும் திருவல்லிக்கேணியிலும் இருந்த கடற்கரை மணலில். வாடகை கேட்காத இடம் அது ஒன்றுதான். அந்த மெரினாவில் இன்று போராட்டம் நடத்தக் கூடாது. 2018ல் ஐகோர்ட்டு டிவிஷன் பெஞ்சும் அந்தத் தடைக்கே ஆதரவாகத் தீர்ப்பளித்தது. உழைப்பவன் கூடுகிற இடம் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகிறது. விளையாட இடமில்லாத ஊரில் கூட்டம் போடவும் இடமிருக்காது. ஆளும் வர்க்கத்துக்கு இது தெரியாமலில்லை.

பூந்தமல்லி, வில்லிவாக்கம் வட்டாரக் கிராமங்களில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் பகுதி சபை இருக்கிறது. விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் ஆலைச் சங்கங்களும் வாலிபர் சங்கமும் சேர்ந்து இப்போதே ஒரு வேலையைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் 'ஏ' பதிவேடு என்று ஒன்று உண்டு. எந்த சர்வே நம்பர் ஏரி, எது களம், எது வண்டிப்பாதை என்று அதில் எழுதியிருக்கும். கிராம நிர்வாக அதிகாரியிடம் கேளுங்கள். தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டித் தாசில்தாருக்கு மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேராக அந்த நம்பர்களை நேரில் நடந்து பாருங்கள். நடக்க முடியாத இடம் எது, மறித்தது யார் என்று எழுதிக்கொண்டு வந்து அடுத்த சபையில் தீர்மானமாக வையுங்கள். நகலை நமது பத்திரிகைக்கும் அனுப்புங்கள். ஊர் பெயரோடு பிரசுரிப்போம்.